ஒரே சக்கரம், இரண்டு வண்டி

‘வில்லாபுரம்’ என்பதில் எத்தனை எழுத்து? எங்கள் பகுதிப் பள்ளிப் பிள்ளையைக் கேட்டால் ஆறு என்று விரல்விட்டுச் சொல்லும்: வி, ல், லா, பு, ர, ம். பைத்தானைக் கேட்டால் பதினொன்று என்கிறது. ஒருங்குறியில் அகரமேறிய மெய்க்கு ஓர் எண். துணைக்குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனி எண். பைத்தான் எண்ணுவது அவற்றைத்தான். நம் கணக்கை அதற்குக் கற்றுத் தருகிறது முத்து அண்ணாமலையும் நண்பர்களும் உருவாக்கிய ‘ஓப்பன்-தமிழ்’ என்னும் கட்டற்ற நிரலகம்.

அதை லினக்ஸ் கணினியில் ஏற்ற இரண்டு வழி உண்டு. பைபிஐ களஞ்சியத்திலிருந்து பிப் கொண்டு இறக்குவது ஒன்று. டெபியன் மரபில் டெப் பொதியாகக் கட்டி, ஆப்ட் வழியாக நிறுவுவது மற்றொன்று. இவ்விரண்டையும் சக்களத்திகளாகவே பேசிப் பழகிவிட்டோம். பொதிகளைப் பிரித்து அருகருகே வைத்துப் பார்க்கும்போது அந்தப் பகை அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை.

முதலில் வேற்றுமை. பிப் வழியில் பதிப்புகளைப் பொருத்தும் வேலை நிறுவும் நொடியில் நடக்கிறது. டெபியன் வழியில் அது நிறுவுவதற்குப் பல மாதங்கள் முன்பே முடிந்துவிடுகிறது. பிப்பில் ஆசிரியர் காலையில் வெளியிட்டது மாலையில் நம் கணினிக்கு வந்துவிடும். டெபியன் நிலைப்பதிப்பு ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒருமுறைதான் வரும், வந்தபின் பதிப்பெண் பெரும்பாலும் அசையாது. பைபிஐயில் கணக்குத் தொடங்கிய எவரும் பொதி ஏற்றலாம். டெபியனில் பொறுப்பேற்ற பராமரிப்பாளர் கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும். புதுப்பொதி என்றால் உரிமம் முதற்கொண்டு பார்க்கும் குழுவின் வரிசையிலும் காத்திருக்க வேண்டும்.

எங்கள் ஊர் வழக்கில் சொன்னால், ஆப்ட் என்பது பந்தி. மெய்நிகர் சூழலில், அதாவது ஒரு வேலைக்கென்று ஒதுக்கிய தனிக் கோப்புறையில், பிப் என்பது தூக்குச்சட்டி. பந்தியில் எல்லா இலைக்கும் ஒரே சாம்பார். ஒரு நிரலகத்துக்கு ஒரு பதிப்பு, அதையே கணினியில் உள்ள அத்தனை நிரல்களும் உண்ண வேண்டும். தூக்குச்சட்டியில் அவரவர் ருசி. பிப் நிறுவும் பொதிக்கு வீல், அதாவது சக்கரம், என்று பெயர். நம்பை நிரலகத்தின் வீல் கோப்பு, தனக்கு வேண்டிய ஓப்பன்பிளாஸ் நூலகத்தையும் தன் மடியிலேயே கட்டிக்கொண்டு வருகிறது. டெபியனில் அந்த ஓப்பன்பிளாஸ் ஒரு தனிப் பொதி, வேண்டியவர் எல்லாரும் பகிர்ந்துகொள்வது. சாம்பாரில் பிழை கண்டால் பந்தியில் ஓர் அண்டாவை மாற்றினால் போதும். தூக்குச்சட்டிகளை ஒவ்வொன்றாகத் தேடித் திறக்க வேண்டும்.

பந்திக்குள் தூக்குச்சட்டியைக் கவிழ்த்தவன் நான். சில ஆண்டுகளுக்கு முன், வில்லாபுரம் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பு வீட்டில், உபுண்டுவில் ‘சூடோ’ போட்டுப் பிப்பை ஓட்டி ஒரு நிரலகத்தைப் புதுப்பித்தேன். என் நிரல் ஓடியது. உபுண்டுவின் சொந்தக் கருவிகளில் பல பைத்தானில் எழுதப்பட்டவை. அவற்றில் ஒன்று மறுநாள் எழ மறுத்தது. அது எதிர்பார்த்த பழைய பதிப்புக்கு முன்னால் என் புதுப்பதிப்பு போய் நின்றுகொண்டிருந்தது. குற்றம் பிப்புடையதும் அல்ல, ஆப்டுடையதும் அல்ல; இருவருக்கும் நடுவே வரப்பு இல்லாததுதான்.

வரப்பு பின்னர் வந்தது. பைத்தான் சமூகம் வகுத்த பெப் 668 என்னும் நெறிமுறையை 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 ஏற்றுக்கொண்டது. ‘இது வெளியாரால் பராமரிக்கப்படுகிறது’ என்று பொருள்படும் பெயரில் ஒரு சிறு கோப்பு. அதைக் கண்டதும் பிப் நின்றுவிடும். மீறிப் போக ஒரு தெரிவு உண்டு. அதன் பெயரே ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’. செய்யப்போவதை இவ்வளவு நேர்மையாகச் சொல்லும் தெரிவை வேறெங்கும் நான் கண்டதில்லை. வேடிக்கை என்னவென்றால், வரப்பைப் போட்டது டெபியன், மதித்து நிற்பது பிப். இரு தரப்பாரும் சேர்ந்து எழுதிய ஒப்பந்தம் அது.

கட்டும் முறைக்கு வருவோம். என்னை வியக்கவைத்தது இங்கேதான். மூலநிரலிலிருந்து கட்டும்போது பிப் ஒரு தற்காலிகத் தனியறை அமைத்து, பைப்ராஜெக்ட் கோப்பில் கேட்ட கருவிகளை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்கிறது. டெபியன் கட்டுமானத்தில் இணையம் கூடாது. வேண்டிய கருவிகளை ‘கண்ட்ரோல்’ கோப்பில் முன்கூட்டியே எழுதி, டெபியன் பொதிகளாகவே வரவழைத்திருக்க வேண்டும். முன்னது சமையலின் நடுவே கடைக்கு ஆள் அனுப்பும் வீடு. பின்னது அடுப்பு பற்றவைக்கும் முன் சாமான் பட்டியலைச் சரிபார்க்கும் தவசிப்பிள்ளை.

ஆனால் அடுப்பில் வேகும் பண்டம் எது? இரண்டிலும் வீல்தான். டெபியனின் பைபில்ட் கருவி, பைப்ராஜெக்ட் முறையில் கட்டும்போது முதலில் தனியறை வேண்டாம் என்று சொல்லி ஒரு வீலைக் கட்டுகிறது. பிறகு ‘இன்ஸ்டாலர்’ என்ற சிறு கருவியால் அதை ஒரு போலி வேர்க் கோப்புறைக்குள் பிரித்து வைக்கிறது. அந்தக் கோப்புறையை அள்ளி மூட்டை கட்டினால் டெப். ஃபெடோராவின் ஆர்பிஎம் பொதிகளும், ஆர்ச் லினக்ஸின் பொதிகளும் இன்று ஏறக்குறைய இதே தடத்தில்தான் போகின்றன. பிப்பைத் தள்ளிவைப்பதாகச் சொல்லும் வழிகள், பிப் உருட்டும் அதே சக்கரத்தை வண்டிக்குள் ஏற்றிக்கொண்டு போகின்றன.

மூட்டைகளின் உள்ளமைப்பிலும் சகோதரச் சாயல். வீல் என்பது ஒரு ஜிப் கோப்பு. டெப் என்பது ஓர் ஏஆர் கோப்பு. வீலுக்குள் நிரல் ஒருபுறம், அதன் குலம் கோத்திரம் சொல்லும் கோப்புறை ஒருபுறம். டெப்புக்குள்ளும் தரவு ஒரு மூட்டை, கட்டுப்பாட்டுத் தகவல் ஒரு மூட்டை. வீலின் ‘ரெக்கார்ட்’ கோப்பு தான் கொண்டுவந்த ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 முத்திரை எழுதி வைக்கிறது. டெப் அதே காரியத்தை எம்டி5 முத்திரையால் செய்கிறது. நிறுவப்பட்ட வீலில், நிறுவியவர் யார் என்று எழுதிவைக்கும் கோப்பு ஒன்றும் உண்டு. ஃபெடோரா அதில் ‘ஆர்பிஎம்’ என்று எழுதி, ரெக்கார்டை மட்டும் உருவிவிடுகிறது. பிப் வந்து நீக்கப் பார்த்தால், பட்டியல் இல்லாததால் கைவைக்காமல் திரும்பிவிடும். வீட்டுப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதுபோல.

பத்திரம் இரண்டிலும் இருந்தும், தகராறு வந்தால் நடத்தை வேறு. நான் பயன்படுத்திய ஓப்பன்-தமிழ் பதிப்பு, ‘தமிழ்’ என்ற கோப்புறையோடு ‘டிரான்ஸ்லிட்டரேட்’ என்ற பொதுப்பெயர்க் கோப்புறையையும் நிறுவியது. பைபிஐயில் அதே பெயரில் முற்றிலும் வேறொரு நிரலகம் இருக்கிறது, ரஷ்யன், கிரேக்கம், ஆர்மீனியன் முதலியவற்றுக்கானது. இரண்டையும் ஒரே சூழலில் பிப் கொண்டு நிறுவினால், பிந்தி வந்தது முந்தியதன் கோப்புகள்மேல் சத்தமில்லாமல் எழுதிவிடும். பிறகு ஒன்றை நீக்கினால் மற்றதன் கோப்பும் கூடவே போகும். இரண்டையும் டெப்பாக்கி ஒரே கணினியில் வைக்கப் பார்த்தால், இந்தக் கோப்பு இன்னாருடையது என்று, ஆப்டுக்கு அடியில் டெப்பைப் பிரித்து வைக்கும் டிபிகேஜி அங்கேயே நிறுத்திவிடும். இந்த ஓர் இடத்தில் நான் நடுநிலை வகிக்க மாட்டேன்: டெபியன் செய்வதே சரி.

பெயர்க் குழப்பம் எங்களுக்குப் புதிதல்ல. ஆங்கில எழுத்தில் வில்லாபுரத்துக்கும் விழுப்புரத்துக்கும் ஓர் எழுத்துத்தான் இடைவெளி. தமிழில் எண்ணிப் பார்த்தேன்: விழுப்புரமும் ஆறெழுத்து. பைத்தான் கணக்கில் அதுவும் பதினொன்று! ஓரெழுத்து மாற்றிய பெயரில் தீநிரலை ஏற்றி, தட்டச்சுப் பிழை செய்வோரைப் பிடிக்கும் ஏமாற்று பைபிஐயில் பலமுறை நடந்திருக்கிறது. டெபியனின் காத்திருப்பு வரிசை அப்போது மட்டும் அலுப்பாகத் தெரிவதில்லை.

தமிழக அரசு 2011 முதல் வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் டெபியனை அடியொற்றி உருவாக்கியது அது. இணையம் எட்டாத அப்படி ஒரு மடிக்கணினிக்கு டெப் கோப்புகளைப் பென்டிரைவில் கொண்டுபோய் நிறுவலாம்; வீல் கோப்புகளையும் அப்படியே கொண்டுபோகலாம், களஞ்சியத்தைத் தேடாதே என்று பிப்புக்கு ஒரு சொல் சொன்னால் போதும். இங்கே இரண்டுக்கும் ஏற்றத்தாழ்வு இல்லை.

என் வழக்கம் இப்போது இதுதான்: கணினி தனக்கென்று வைத்திருப்பது ஆப்டோடு, நான் எழுதும் தமிழ் நிரல்களுக்கு மெய்நிகர் சூழலும் பிப்பும். சுத்தமாகப் பிரித்துவிட்டேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன், அந்தச் சூழலின் ‘பின்’ கோப்புறையைத் திறந்து பார்க்கும்வரை. அங்கே இருந்த பைத்தான், ஆப்ட் நிறுவிய பைத்தானைச் சுட்டும் இணைப்பு மட்டுமே. டெபியன் 11இலிருந்து 12க்குத் தாவினால் பைத்தான் 3.9 போய் 3.11 வரும், பழைய சூழலை மறுபடி கட்ட வேண்டும். அப்படி ஒரு சூழலை டெபியனில் அமைப்பதற்கே ‘வென்வ்’ பொதி வேண்டும். அதை நிறுவுவது ஆப்ட்.