ஒரு தார்ப்பாயில் தொடங்கியது

மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டத்தில் மான் தாலுகா என்றால் வறட்சி என்றே பொருள். மழை வருவதே அபூர்வம். வந்தால் மட்டும், தெருவோரத்தில் குடியிருப்பவர்களை அது சும்மா விடாது. அந்தத் தாலுகாவின் மஸ்வட் ஊரில் அப்படித் தெருவோரமே வீடாக, இரும்படித்துப் பிழைத்த ஒரு பெண்ணுக்கு 1990களின் நடுவில் ஓர் ஆசை வந்தது. மழைக்கு முன் தலைக்கு மேல் விரிக்க ஒரு பிளாஸ்டிக் தார்ப்பாய் வாங்க வேண்டும். அதற்காகத் தினமும் கொஞ்சம் சேர்க்கலாம் என்று வங்கிக்குப் போனாள். இவ்வளவு சின்னத் தொகைக்குக் கணக்குத் தொடங்குவது எங்களுக்குக் கட்டுப்படியாகாது என்று அனுப்பிவிட்டார்கள். அவள் கேட்டது கடனல்ல, மானியமுமல்ல; தன் காசை வைக்க ஓர் இடம். நேரே சேத்னா சின்ஹாவிடம் போனாள்.

சேத்னா மும்பையில் பொருளாதாரம் படித்தவர். ஜெயப்பிரகாஷ் நாராயண் இயக்கத்தில் ஈடுபட்டு, ஒரு விவசாயியைக் கல்யாணம் செய்துகொண்டு மஸ்வட்டுக்கே குடிவந்துவிட்டவர். எந்த வங்கியும் சேர்க்காவிட்டால் நாமே ஒன்று தொடங்குவோம் என்று முடிவு செய்தார். பெண்கள் சேர்ந்தார்கள், பங்குப் பணம் சேர்ந்தது, 1996இல் விண்ணப்பம் ரிசர்வ் வங்கிக்குப் போனது. போன வேகத்தில் திரும்பியும் வந்தது.

காரணம், கைநாட்டு. வங்கி நடத்தப்போகிறவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாதாமே! அதிகாரிகளின் கோணத்தில் அது நியாயமான சந்தேகம்தான். சேத்னா அழுதுகொண்டே ஊர் திரும்பினார். பெண்கள் அழவில்லை. எழுத்துதானே குறை, கற்றுக்கொண்டால் போயிற்று என்றார்கள். பகலெல்லாம் கூலி வேலை, அது முடிந்த பிறகு வகுப்பு. சுத்தியல் பிடித்துக் காய்த்த விரல்களுக்குப் பேனா அடங்கவே நாளானது. ஐந்து மாதம் கழித்து சேத்னா மறுபடி ரிசர்வ் வங்கிப் படியேறியபோது அவர் தனியாக இல்லை.

கூடவே பதினைந்து பெண்கள். நாங்கள் வளர்ந்த காலத்தில் ஊரில் பள்ளிக்கூடமே இல்லை, அது எங்கள் குற்றமா என்று கேட்டார்கள். அடுத்து ஒரு சவால்: எந்தத் தொகையை வேண்டுமானாலும் சொல்லுங்கள், வட்டி எவ்வளவு என்று வாயாலேயே சொல்கிறோம், சொல்லத் தெரியாவிட்டால் உரிமம் வேண்டாம். உங்கள் அதிகாரிகளும் கால்குலேட்டர் இல்லாமல் போடட்டும், யார் முந்துகிறார்கள் பார்ப்போம்!

உரிமம் கிடைத்தது; 1997இல் மான் தேசி மகளிர் கூட்டுறவு வங்கி திறந்தது. கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும். ஆனால் யாருக்காக வங்கி திறந்ததோ அவர்களால் வர முடியவில்லை.

தூரத்திலிருந்து வங்கிக்கு வந்துபோனால் ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே வங்கி அவர்கள் வாசலுக்குப் போனது. பிற்பாடு மின்னணு முறை வந்தபோது, ரகசிய எண்ணெல்லாம் எங்களுக்கு நினைவில் நிற்காது என்று பெண்கள் கைவிரித்தார்கள். நினைவில் வைக்கப் பழக்குகிறோம் என்றார் சேத்னா. எதற்கு வம்பு, கட்டைவிரலை வைத்தால் திறக்கிற மாதிரி செய்யுங்களேன் என்றார்கள் அவர்கள்! எந்த விரலால் உரிமம் கைநழுவியதோ, அந்த விரலே சாவியாக அமைந்தது. வங்கிக்காரர்கள் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியதைப் பெண்களே சொல்லிவிட்டார்கள்.

சேமிப்புக்கு வழி பிறந்தது, கடனும் கிடைத்தது. கடன் கொடுத்துவிட்டால் வியாபாரம் தானாகப் பெருகிவிடும் என்பது கொடுப்பவர்களின் கனவு. சரக்குக்கு விலை வைப்பது எப்படி, முதல் எது லாபம் எது என்று பிரித்தெடுப்பது எப்படி, எதற்குக் கடன் வாங்கலாம், எதற்குக் கூடாது? வட்டிக் கணக்கில் புலியாக இருந்தவர்களுக்கும் இதையெல்லாம் சொல்லித்தர ஆளில்லை. 2006இல் மஸ்வட்டில் கிராமப் பெண்களுக்கென்று ஒரு வணிகப் பள்ளி தொடங்கியது. அங்கேயும் பழைய வில்லன் வந்து நின்றான்: தூரம்.

இந்த முறை விடை தேட அதிக நேரம் ஆகவில்லை. வங்கி ஏற்கெனவே போய்ப் பழகிய பாதைதான். ஒரு பேருந்தை உள்ளே வகுப்பறையாக மாற்றினார்கள். இன்று மான் வட்டாரத்துக் கிராமங்களில் வந்து நிற்கும் சக்கரப் பள்ளிக்கூடம் பிறந்த கதை இதுதான். தையலும் கணினியும் கற்கிற கையோடு, வரவு செலவு, சேமிப்பு, கடன், காப்பீடு எல்லாம் அதற்குள் பாடமாகின்றன. அதில் ஏற, எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது.