குடியேற்றப்படும் கிருமிகள்

நம்மில் பெரும்பாலோரின் இடது தோளில் சிறு வடு ஒன்று உண்டு. காசநோயைத் தடுப்பதற்காகப் பி.சி.ஜி. ஊசி குத்தப்பட்டதன் அடையாளம் அது. அவ்வூசியின் வழியே நம் உடலினுள் சென்றவை உயிருள்ள கிருமிகளே என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. ராஸ்தா பேட்டையிலும் கிர்க்கியிலும் வாழ்ந்துவரும் தமிழர்களுக்கு அதை நினைத்துப் பார்க்கத் தனிக் காரணம் ஒன்று உண்டு. 1966ஆம் ஆண்டு சைரஸ் பூனாவாலா புனேயில் நிறுவிய சீரம் இன்ஸ்டிட்யூட், பி.சி.ஜி.யைத் தயாரிப்பதோடு நில்லாது, அக்கிருமியின் மரபணுவையே மாற்றியமைத்த புதிய தடுப்பூசி ஒன்றையும் சோதனைக்குக் கொண்டுவந்தது.

மாற்றியமைத்த கிருமியை மனித உடலில் குடியேற்றும் எண்ணம் காசநோயோடு நிற்கவுமில்லை. சொத்தைப் பல்லையும் அவ்வழியே தடுக்கலாம் என்றார் அமெரிக்க விஞ்ஞானி ஜெஃப்ரி ஹில்மன். 1924இல் கிளார்க் என்பவர் கண்டறிந்த ‘ஸ்டிரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்’ என்னும் கிருமி, நாம் உண்ணும் சர்க்கரையைப் புளிக்கச் செய்து லாக்டிக் அமிலமாக்குகிறது; அவ்வமிலம் பல்லின் மேற்பூச்சை அரிக்கிறது. ஹில்மன் அந்த அமிலத்தை உண்டாக்கும் மரபணுவை நீக்கி, அதனிடத்தில் மற்றொரு கிருமியின் மரபணுவைப் பொருத்தினார். அந்த மற்றொரு கிருமி எது தெரியுமோ? நம் நாட்டுக் கள்ளிலும் காணப்படும் ‘ஸைமோமோனாஸ்’! ஆகவே மாற்றப்பட்ட கிருமி அமிலத்திற்குப் பதிலாக மிகச் சிறிதளவு சாராயத்தை உண்டாக்கும். தன் இனத்துப் பிற கிருமிகளைக் கொல்லும் ஒரு பொருளையும் அது சுரப்பதால், வாயில் ஒருமுறை குடிபுகுந்தால் பழைய குடிகளை விரட்டிவிட்டு அங்கேயே தங்கிவிடும் என்பது அவர் கணக்கு. இதன் விவரங்கள் 2000ஆம் ஆண்டு வெளியாயின.

நன்மை எவ்வளவு, ஆபத்து எவ்வளவு என்று இதனை நிறுத்துப் பார்க்க விரும்புவோர்க்கு, தராசும் படிக்கல்லும் பி.சி.ஜி.யின் வரலாற்றிலேயே கிடைக்கின்றன. அவ்வரலாற்றின் முக்கியமான பகுதி நம் தமிழ்நாட்டில் நிகழ்ந்தது.

பிரெஞ்சு நாட்டில் கால்மெத், கெரேன் என்னும் இருவர் 1908 முதல் பதின்மூன்று ஆண்டுகள், மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பித்தநீர் கலந்த உருளைக்கிழங்கின்மீது 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்து, அதன் கொடுமையைப் போக்கினர். 1921இல் அது முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. 1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் பேரிடர் நேர்ந்தது. அம்மருந்து புகட்டப்பட்ட பச்சிளங் குழந்தைகளில் எழுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அடங்கிய கிருமி மீண்டும் சீறியெழவில்லை. அவ்வூர்ச் சோதனைச்சாலையில் உண்மையான காசக் கிருமி அதனோடு கலந்துவிட்டது என்பது விசாரணையில் தெளிவாயிற்று. கிருமி குற்றமற்றது, அதனைக் கையாண்ட கை பிழை செய்தது. பெற்ற தாய்மார்க்கு இவ்வேறுபாட்டினால் என்ன ஆறுதல் கிடைத்திருக்கும்!

1948இல் கிண்டியில் பி.சி.ஜி. தயாரிக்கும் சோதனைச்சாலை அமைக்கப்பட்டது. நாடெங்கும் ஊசி போடும் இயக்கம் பரவிய காலத்தில், 1955ஆம் ஆண்டு, அதனை எதிர்த்துக் குரல் எழுப்பியவர் இராஜாஜி. நலமாயிருக்கும் கோடிக்கணக்கான குழந்தைகளின் உடலில் உயிருள்ள கிருமியைச் செலுத்துவதா, அதன் பயன் ஐயமற நிலைநாட்டப்பட்டதா என்பன அவர் எழுப்பிய வினாக்கள். தம் கருத்தைத் தனி நூலாகவும் வெளியிட்டார். மத்திய சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ருத் கௌர் இயக்கத்தின் பக்கம் உறுதியாக நின்றார். மறு ஆண்டே பிரிட்டனில் பள்ளிச் சிறுவர்களிடையே நடந்த பெருஞ்சோதனையின் முதல் அறிக்கை வெளிவந்து, ஊசி மிகச் சிறந்த பாதுகாப்பைத் தருவதாக உரைத்தது. இராஜாஜி தோற்றார் என்றே பலரும் எண்ணியிருப்பர்.

ஆனால் அத்துடன் முடியவில்லை. 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் உலகிலேயே மிகப் பெரிய பி.சி.ஜி. சோதனை தொடங்கிற்று. ஏறத்தாழ 2,60,000 பேர் அதில் பங்குபெற்றனர். சிலருக்கு ஊசி மருந்து. சிலருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்பது போட்டவர்க்கும் தெரியாது, போட்டுக்கொண்டவர்க்கும் தெரியாது. ஏழரை ஆண்டுகளுக்குப் பின் கணக்கெடுத்தபோது, பெரியவர்களின் நுரையீரல் காசத்தைத் தடுப்பதில் இரு சாராருக்கும் வேறுபாடே காணப்படவில்லை. பதினைந்து ஆண்டுக் கணக்கும் அதனையே உறுதி செய்தது. பிரிட்டனில் காத்த ஊசி செங்கற்பட்டில் காக்கவில்லை! ஊசி உயிருக்குக் கேடு சூழும் என்ற அச்சம் மிகையானது. ஆயினும் பயன் நிலைநாட்டப்பட்டதா என்ற வினாவில், நம் கருத்தில், செங்கற்பட்டு வயல்வெளி மக்கள் இராஜாஜியின் பக்கமே சாட்சி சொன்னார்கள். பச்சிளங் குழந்தைகளைத் தாக்கும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயை அவ்வூசி தடுக்கிறது என்பது தனியே தெளிவுற்றமையால், பிறந்தவுடன் போடும் வழக்கம் நிலைத்தது.

இவ்வரலாற்றை மனத்தில் கொண்டே புனேயின் புதிய ஊசியை நோக்கவேண்டும். வி.பி.எம். 1002 என்பது அதன் பெயர். பெர்லினில் மாக்ஸ் பிளாங்க் கழகத்தைச் சேர்ந்த ஸ்டீஃபன் காஃப்மன் குழுவினர் அதனை உருவாக்கினர். பி.சி.ஜி.யிலிருந்து ஒரு மரபணுவை நீக்கி, லிஸ்டீரியா என்னும் வேறொரு கிருமியின் மரபணு ஒன்றைச் சேர்த்தனர். பற்கிருமியிலும் செய்தது இதுவேயன்றோ? உடலின் காவல் அணுக்களினுள் ஒளிந்துகொள்ளும் பி.சி.ஜி.யை இம்மாற்றம் வெளிச்சத்திற்குக் கொணர்ந்து, காவலை விழிப்படையச் செய்யும் என்பது நோக்கம். ஜெர்மனியிலும் தென்னாப்பிரிக்காவிலும் சிறு அளவில் சோதித்ததை வைத்து இந்தியர்க்கும் பயனுண்டு என்று கொள்ளவில்லை. 2019இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் காசநோயாளிகளோடு ஒரே வீட்டில் வாழும் சுமார் 12,000 பேரிடையே, வெற்று ஊசியையும் உடன்வைத்து, சோதனையைத் தொடங்கியது. செங்கற்பட்டில் படித்த பாடம் வீண்போகவில்லை.

பற்கிருமிக்கு இத்தகைய சோதனை வாய்க்கவில்லை. அமெரிக்க அதிகாரிகள் விதித்த நிபந்தனைகள் கடுமையானவை; பொய்ப்பல் அணிந்த இளவயதினரைத் தேடவேண்டியதாயிற்று. முயற்சி நின்றுபோயிற்று. பின்னர் வேறொரு நிறுவனம் அக்கிருமியைப் பெற்று, பெரிய சோதனை எதுவும் முடியாமலே, 2024இல் ‘லூமினா’ என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது.

காசநோய் உயிரைக் குடிப்பது; அதனைத் தடுக்க நல்ல ஊசியின்றி உலகமே தவிக்கிறது. அங்கே ஓரளவு ஆபத்தை ஏற்பதில் நியாயமுண்டு. சொத்தைப் பல்லோ, துன்பம் தருவதெனினும், ஃபுளோரைடு கலந்த பற்பசையாலும் இனிப்பைக் குறைப்பதாலும் பெரிதும் தடுக்கத்தக்கது. மேலும், ஊசி போட்டுக்கொண்டவரின் உடலோடு பி.சி.ஜி. நின்றுவிடும். பற்கிருமி அப்படியன்று. சோற்றைத் தான் சுவைபார்த்து அதே கரண்டியால் குழந்தைக்கு ஊட்டும் தாயின் எச்சில் வழியாகவே அவ்வினக் கிருமிகள் பிள்ளையின் வாயை அடைகின்றன. தாய் விரும்பி ஏற்ற புதிய கிருமி, கேட்கப்படாத பிள்ளைக்கும் போய்ச் சேரக்கூடும். ஹில்மனின் குழுவினரே இதனை உணர்ந்து, சோதனைக்கென அமைத்த வகையை, டி-அலனின் என்னும் பொருளை வெளியிலிருந்து அளித்தாலன்றி உயிர்வாழாதபடி செய்திருந்தனர். வேண்டாமெனில் அப்பொருளை நிறுத்தினால் போதும், கிருமி மடிந்துவிடும்.