தென்காசி வட்டாரத்தில் நோய் தீர்க்கும் வழிபாடு

நோய் தீர வேண்டித் தென்காசி வட்டாரத்து மக்கள் நாடும் இடங்களில் சங்கரன்கோவில் கோமதி அம்மன் சன்னதியும், கடையத்தை அடுத்த பொட்டல்புதூர் முகைதீன் ஆண்டவர் பள்ளிவாசலும் பெயர் பெற்றவை. கேரள எல்லைக்குள் இருந்தாலும் அச்சன்கோவில் சாஸ்தாவையும் செங்கோட்டைப் பக்கத்தார் இவற்றோடு சேர்த்தே எண்ணுவர். அவர் கையிலுள்ள சந்தனம் பாம்புக்கடிக்கு மருந்து என்பது நம்பிக்கை. சங்கரன்கோவில் புற்றுமண்ணைத் தோல்நோய்க்கும் விஷக்கடிக்கும் பூசுகிறார்கள். வயிற்றுவலிக்குக் கரைத்துக் குடிப்பதும் உண்டு. அம்மன் முன்னுள்ள சக்கரக் குழியில் மனம் பேதலித்தோரை உட்கார வைப்பர். பொட்டல்புதூரில் மகான் எவரும் அடங்கியிருக்கவில்லை. 1166இல் பாக்தாதில் மறைந்த அப்துல் காதிர் ஜீலானியின் பெயரால் எழுந்த இடம் அது. நேர்ச்சை செலுத்துவோரில் இந்துக்களும் ஏராளம். குற்றாலத்தில் மகானின் வேலையை அருவியே செய்கிறது. அகத்தியர் பெயரும் மூலிகை வாசமும் அதற்குத் துணை.

இவ்வழிபாட்டை மூடத்தனம் என்று தள்ளுவோரும் கைகண்ட மருந்து என்று போற்றுவோரும் ஒரே பிழையைச் செய்கின்றனர்: எல்லா நோயையும் ஒன்றாக எண்ணுகின்றனர். மனநோய் மாதக்கணக்கில் நீள்வது. தமிழ்நாட்டின் முத்துசாமி கோவில் ஒன்றில் தங்கிய 31 பேரை ஆராய்ந்து 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான கட்டுரை, அவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தணிந்ததாகக் கூறியது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லையே, நோய் தானாகவும் தணிந்திருக்கலாமே என்பது நியாயமான மறுப்பு. ஆய்வாளர்களும் அற்புதம் எதையும் காட்டவில்லை. விரட்டாத இடம், உடன் தங்கிய உறவினர் என்ற சூழலையே காரணமாகச் சொன்னார்கள். இதைவிடக் கனமான மறுப்பு, மனநோயாளிகளை அழைத்துவரும் ஏர்வாடி தர்காவிலிருந்து வருகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்குள்ள காப்பகமொன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டுண்டிருந்த 28 மனநோயாளிகள் மாண்டனர். ஆனால் அந்தச் சங்கிலி பக்தியின் தேவையன்று. தர்காவைச் சுற்றி முளைத்த காப்பகங்களில் உறவினர் விட்டுப்போனவர்களைக் காவல் காக்கும் வழி. தர்கா வளாகத்திலேயே மனநல மருத்துவர் உட்காரும் ஏற்பாடு பின்னால் வந்தது. துவா என்னும் இறைவேண்டலும் நிற்கவில்லை.

பாம்புக்கடிக்கு இந்த அவகாசம் கிடையாது. நம் பாம்புகளில் பெரும்பாலானவை நஞ்சற்றவை; நஞ்சுள்ளதும் சில வேளை நஞ்சை இறக்காமலே கடிக்கும். ஆகவே புற்றுமண்ணும் சந்தனமும் பலரைப் பிழைக்க வைத்ததாகவே தோன்றும். இறந்தவர் சாட்சி சொல்ல வருவதில்லை. கட்டுவிரியன் தூங்குபவரை வலியின்றிக் கடிக்கும், விடியலில் வயிற்றுவலிதான் முதலில் தெரியும். அதைச் சாதாரண வலியென்று மண்ணைக் கரைத்துக் கொடுத்தால், மூச்சு அடங்குமுன் நஞ்சுமுறி மருந்து ஏற்றவேண்டிய நேரம் போய்விடும். ஆஸ்பத்திரிக்குப் போவது அம்மனை மறுப்பதாகாதா என்று கேட்போருக்கு நேர்ச்சை முறையே பதில் வைத்திருக்கிறது: வேண்டிக்கொள்வது நோயின்போது, நோயுற்ற உறுப்பின் உருவம் பொறித்த தகடு வாங்கிச் செலுத்துவது குணமான பிறகு. இடையில் ஊசி போடக்கூடாது என்று எந்த நேர்ச்சையும் கேட்பதில்லை.