கிரவுண்ட் யாருக்கு?

2019 மே 22. பஞ்சாபின் லூதியானா நகரம். இந்தியப் பெண்கள் லீக் இறுதிப் போட்டியில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று மதுரையின் சேது எஃப்.சி. கோப்பையைத் தூக்கியது. தமிழ்நாட்டுக் கழகம் ஒன்று அந்தக் கோப்பையை வென்றது அதுதான் முதல் தடவை. கடலூர்ப் பொண்ணு இந்துமதி கதிரேசன், நேபாளத்தின் சபித்ரா பண்டாரி போன்றவர்கள் இருந்த அணி அது.

அப்போது சேதுவுக்கு வயசு மூணுதான். 2016இல் பிறந்த கழகம். கொல்கத்தாவின் மோகன் பகான் தொடங்கியது 1889இல். ரெண்டுக்கும் நடுவில் 127 வருஷம். பொம்பளப் புள்ளைங்களுக்குப் பந்து மேல ஆசை வர இவ்வளவு காலம் எடுத்ததா? இல்லை. வரலாறு வேற கதை சொல்லுது.

முதலாம் உலக யுத்தக் காலம். இங்கிலாந்தில் ஆண்கள் போர்முனைக்குப் போனதும் ஃபெக்டரி வேலைக்குப் பெண்கள் வந்தார்கள். பிரஸ்டன் நகரத்தில் டிக், கேர் என்ற கம்பனியில் வெடிபொருள் செய்த பெண்கள் ஒரு உதைபந்தாட்ட அணியை உருவாக்கினார்கள். 1917 நத்தார் தினத்தில் அவர்கள் ஆடிய போட்டியை 10,000 பேர் பார்த்தார்கள். வசூல் காயப்பட்ட சிப்பாய்களின் வைத்தியசாலைக்குப் போனது. 1920 டிசம்பரில் லிவர்பூலின் குடிசன் பார்க்கில் 53,000 பேர் கூடினார்கள். இடமில்லாமல் வெளியே நின்றவர்கள் இன்னும் பல ஆயிரம். 1921இல் சுரங்க முதலாளிகள் கதவை மூடித் தொழிலாளரை வெளியே நிறுத்தியபோது, அந்தக் குடும்பங்களுக்குக் காசு சேர்க்கவும் பெண்கள் அணிகள் ஆடின.

அதே வருஷம் டிசம்பர் 5. உதைபந்தாட்டம் பெண்களுக்குப் பொருந்தாத விளையாட்டு என்று இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் தீர்மானம் போட்டது. பெண்களை ஆடவிடாமல் தடுக்க அதற்குச் சட்ட அதிகாரம் இல்லை. தன் கீழிருந்த கழகங்கள் பெண்களுக்கு மைதானம் கொடுக்கக் கூடாது என்று மட்டும் சொன்னது. அது போதுமாக இருந்தது. பெரிய கிரவுண்ட் இல்லாட்டி கூட்டம் இல்ல. கூட்டம் இல்லாட்டி வசூல் இல்ல. வசூல் இல்லாம கழகம் எத்தனை நாளைக்கு? டிக், கேர் அணி சின்னச் சின்ன மைதானங்களில் தாக்குப்பிடித்து 1965இல் கலைந்தது. தடை முற்றாக நீங்கியது 1971இல்.

நம்ம பக்கத்து நாட்டிலும் திறமைக்குப் பஞ்சம் இருக்கவில்லை. 1975இல் இந்தியாவில் பெண்கள் உதைபந்தாட்டத்துக்குத் தனிச் சம்மேளனம் உருவானது. 1980இல் ஆசியப் போட்டி கோழிக்கோட்டில் நடந்தபோது இந்தியா ரெண்டு அணிகளை இறக்கியது. அதில் ஒன்று இறுதி ஆட்டம் வரை போனது. 1983இல் மறுபடியும் ஆசியாவில் ரெண்டாமிடம். ஆனால் கழகங்கள் மோத ஒரு தேசிய லீக் வந்தது 2016-17இல்தான். அந்த 1983 அணியில் ஆடியவர்களுக்கு அதற்குள் ஐம்பது வயசு ஆகியிருக்கும்.

லீக் வந்த மூன்றாவது பருவத்திலேயே மதுரை ஜெயித்தது. 2022இல் சேதுவும் கோகுலம் கேரளாவும் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காமல் கடைசிப் போட்டியில் மோதின. கோகுலம் 3-1 என்று வென்றது. வாய்ப்பு கிடைத்த சில வருஷத்திலேயே இவ்வளவும் நடந்தது.

இனி நம்ம பூனாகலைக்கு வருவோம். தோட்டத்தில் விளையாட்டுக் கழகம்னா நம்ம மனசில் வருவது பையன்களின் கழகம்தான். அந்தி நேரம் கிரவுண்ட்ல நாமதான் நிக்கிறோம். அந்த நேரத்துல அக்கா கொழுந்து நிறுத்துட்டு வந்து அடுப்பு மூட்டணும், தங்கச்சி தண்ணி பிடிக்கணும். "பொண்ணுங்க ஆடக் கூடாதுன்னு நாங்க எப்ப சொன்னோம்?" என்று கேட்போம். உண்மைதான், சொல்லவில்லை. ஆனா கிரவுண்டையும் கொடுக்கவில்லை, நேரத்தையும் கொடுக்கவில்லை. 1921இல் பெண்கள் கழகங்களை வீழ்த்த முதலாவது ஒன்றே போதுமாக இருந்தது.

அடுத்த கழகக் கூட்டத்தில் ஒரு விஷயத்தைப் பேசலாம். வாரத்தில் ரெண்டு அந்தி கிரவுண்டைத் தங்கச்சிமாருக்கு விடுவோம். பந்தையும் கொடுப்போம். அந்த ரெண்டு நாளும் வீட்டுத் தண்ணியை நாம பிடிப்போம்.