பெருமூளைப் புறணிக்கும் நடுமூளைக்கும் இடையிலான நரம்பு ஒத்தியக்கம்

பெருமூளையின் மேற்பரப்பாகிய புறணியிலும், மூளைத்தண்டின் உச்சியிலுள்ள நடுமூளையிலும் இருக்கும் நரம்பணுக் கூட்டங்கள், தம் மின்துடிப்புகளை ஒரே சமயத்திலோ, ஒன்றுக்கொன்று மாறாத கால இடைவெளியிலோ எழுப்பும் நிலை ஒத்தியக்கம் எனப்படும். ஒரு நரம்பணு, மிகச் சிறிய கால எல்லைக்குள் தன்னை வந்தடையும் துடிப்புகளைக் கூட்டியே எதிர்வினை புரிவதால், ஒருங்கே வருபவை சிதறி வருபவற்றைக் காட்டிலும் வலிமை பெறுகின்றன.

அமைப்பு: நடுமூளையின் முதுகுப்புறத்தில் பக்கத்திற்கு ஒன்றாக அமைந்த மேற்குன்று, கண்ணையும் தலையையும் ஒரு பொருளை நோக்கித் திருப்புவதிலும், கண்ணை அசைக்காமலே கவனத்தை ஓரிடத்தில் ஊன்றுவதிலும் பங்குகொள்கிறது. பார்வைப் புறணியின் ஐந்தாம் அடுக்கிலிருந்து நரம்பிழைகள் நேரே இதனிடம் இறங்குகின்றன. இதன் செய்தியோ தலாமஸ் வழியாகப் புறணிக்கு ஏறுகிறது.

ஆராய்ச்சிகள்: பூனைகளின் பார்வைப் புறணியிலும் மேற்குன்றிலும் ஒருங்கே மின்முனைகளைப் பொருத்தி ஆராய்ந்த பிரெக்ட், சிங்கர், எங்கெல் ஆகியோர், அவ்விரு பகுதிகளின் துடிப்புகளும் ஒத்திசைவதை 1998இல் வெளியிட்டனர். நடுமூளையின் அடிப்புறத்தில் டோபமைன் அணுக்கள் மிகுந்த பகுதியும் முன்நெற்றிப் புறணியும், எலிகள் ஒரு செய்தியைச் சற்று நேரம் நினைவில் வைத்திருக்க வேண்டிய வேளையில், வினாடிக்கு 4 அலை என்னும் மெதுவான லயத்தில் இணைவதைப் புஜிசாவாவும் புஜாகியும் 2011இல் விவரித்தனர். அதே ஆண்டில், ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஸ்ரீதரன் தேவராஜனும் அவருடைய சகாக்களும், மேற்குன்றுக்கு நேரான கூகையின் நடுமூளைப் பகுதியில், விரைவான காமா அலைகள் பொருளின் இருப்பிடத்தைக் குறிக்கும் விதத்தை ஆராய்ந்து வெளியிட்டனர்.

பின்னர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் வர்ஷா ஸ்ரீநிவாசனுடன் ஸ்ரீதரன் நடத்தி, 2019இல் வெளியிட்ட ஆராய்ச்சி மனிதரைப் பற்றியது. மேற்குன்றையும் புறணியையும் பிணைக்கும் நரம்பிழைகளின் இட வல வேறுபாடு, மாறுதலைக் கண்டுணரும் கூர்மையோடு அன்றி, எந்தப் பக்கத்தில் மாறுதல் நிகழ்ந்ததென்று சொல்ல ஒருவர் சாய்கிறார் என்பதோடு தொடர்புற்றிருந்தது. ஆயினும் காந்த அதிர்வுப் படத்தைக் கொண்ட இம்முறை பாதையைக் காட்டுமேயன்றி, அதில் செல்லும் துடிப்பின் காலத்தைக் காட்டாது.

வரம்பு: ஒத்தியக்கம் காணப்பட்ட மாத்திரத்தில் ஒன்று மற்றொன்றை இயக்குகிறதென முடிவுகட்டலாகாது, மூன்றாம் இடத்தினின்று இரண்டுக்கும் பொதுவான தூண்டுதல் வந்தாலும் அதே லயம் தோன்றக்கூடும். ஆதலால் ஆராய்ச்சியாளர், துடிப்புகளின் முன்பின் வரிசையைக் கணித்தும், ஒரு பகுதியைத் தற்காலிகமாகச் செயலடக்கி மற்றதில் விளையும் மாற்றத்தை நோக்கியும் காரணத்தை நிர்ணயிக்க முயல்கின்றனர்.