பம்பாயின் டிரம்பெட் கலைஞர்கள்

வானொலியில் பழைய ஹிந்திப் படப்பாட்டு ஒன்று ஒலிபரப்பாகிறது. அறிவிப்பாளர் முதலில் படத்தின் பெயரைச் சொல்கிறார். பாடியவர், பாட்டை இயற்றியவர், இசை அமைத்தவர் ஆகியோரின் பெயர்களும் முறையே வருகின்றன. பிறகு பாட்டுத் தொடங்குகிறது. பல்லவி முடிந்ததும் பித்தளைக் குழல் ஒன்றின் நாதம் துள்ளி எழுந்து, சில வினாடிகளில் பாட்டின் போக்கையே மாற்றிவிட்டு மறைகிறது. பாட்டின் சொற்களை மறந்துவிட்ட நேயர்கள்கூட அந்தக் குழலின் ஓசையை மறப்பதில்லை. ஆயினும் அதை ஊதியவர் யார் என்று கேட்டால், விடை சொல்வார் அரியர்.

அந்தக் குழலுக்கு டிரம்பெட் என்று பெயர். அதை ஊதியவர்களுள் பெரும்பாலோர் கோவாவிலிருந்து அன்றைய பம்பாய்க்குப் பிழைப்புத் தேடி வந்தவர்கள். தாய்மொழி வழங்காத ஊரில் வாழ்க்கையை அமைத்துக்கொண்ட அவர்களுடைய வரலாறு, சொந்த மண்ணை விட்டு வந்து வாழும் தமிழர்களாகிய நமக்கு முற்றிலும் அயலானதன்று.

முதலில் கருவியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நாகசுரத்துக்குச் சீவாளி உண்டு. டிரம்பெட்டுக்குச் சீவாளி இல்லை. ஊதுபவரின் உதடுகளே சீவாளியின் வேலையைச் செய்கின்றன. விரல்களால் அழுத்துவதற்கு மூன்று வால்வுகள் மட்டுமே உள்ளன. அம்மூன்றைக் கொண்டு எல்லாச் சுரங்களையும் எழுப்ப வேண்டுமானால், உதட்டின் இறுக்கத்தையும் மூச்சின் விசையையும் நொடிக்கு நொடி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சில நாள் பயிற்சியை விட்டாலும் உதடு தளர்ந்துவிடும். நாகசுர வித்துவான்களின் உழைப்பை அறிந்தவர்களுக்கு இதன் அருமை எளிதில் விளங்கும்.

1930-களில் அமெரிக்காவில் பெரிய வாத்தியக் கோஷ்டிகள் புகழ்பெற்று விளங்கின. டிரம்பெட்டுகள் ஒரு வரிசை, டிராம்போன்கள் ஒரு வரிசை, சாக்ஸபோன்கள் ஒரு வரிசை; இவற்றுடன் பியானோ, பாஸ், டிரம் என்று பன்னிரண்டு முதல் பதினைந்து பேர் வரை அமர்ந்து வாசிப்பார்கள். எழுதிவைத்த சுரக்குறிப்பின்படி எல்லாரும் சேர்ந்து வாசித்துக்கொண்டிருக்கையில், ஒருவர் மட்டும் எழுந்து நின்று தம் மனோதர்மப்படி வாசிப்பார். பல வேளைகளில் அவ்வாறு எழுந்து நிற்பவர் டிரம்பெட் கலைஞராக இருப்பார். ஜாஸ் என்னும் அவ்விசை, அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்தது.

அது பம்பாய்க்கு வந்த கதை சுவையானது. 1935-ஆம் ஆண்டில் லியோன் அபே என்ற கறுப்பின வயலின் கலைஞர் தம் கோஷ்டியுடன் தாஜ்மகால் ஹோட்டலுக்கு வந்தார். அவரை அடுத்துக் கிரிக்கெட் ஸ்மித் என்ற டிரம்பெட் கலைஞர் அங்கே கோஷ்டியை நடத்தினார். 1910-களில் நியூயார்க்கில் ஜேம்ஸ் ரீஸ் யூரோப்பின் புகழ்பெற்ற கோஷ்டி இசைத்தட்டுகள் வெளியிட்டபோது, அதில் கார்னெட் வாசித்தவர் இவர். பின்னர் டெடி வெதர்போர்டு என்ற பியானோ மேதை அப்பொறுப்பை ஏற்றார். சொந்த நாட்டில் நிறவேற்றுமையால் பல வாயில்கள் தமக்கு அடைபட்டிருக்கக் கண்டவர்கள் இவர்கள். வெதர்போர்டு அதன்பின் தாயகம் திரும்பவில்லை. 1945-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் வாந்திபேதி கண்டு காலமானார்.

இக்கோஷ்டிகளில் இடம்பெற்றும், அருகிலிருந்து கேட்டும் கற்றுக்கொண்டவர்கள் கோவா இளைஞர்கள். அவர்களுக்கு மட்டும் அது எவ்வாறு இயன்றது? 1510 முதல் 1961 வரை கோவா போர்ச்சுகீசியர் ஆட்சியில் இருந்தது. அங்கே மாதா கோயில்களைச் சார்ந்த பள்ளிகளில், சிறுவர்களுக்கு எழுத்தோடு மேனாட்டுச் சுரக்குறிப்பும் கற்பிக்கப்பட்டது. வழிபாட்டில் பாடவும் வயலின் வாசிக்கவும் ஆட்கள் வேண்டியிருந்தமையே அதன் காரணம். ஏட்டைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் ஆற்றல், ஏழைக் குடியானவரின் பிள்ளைக்கும் கைவந்தது. நிலம் சோறு போடாத ஊரில் அந்த ஆற்றலே முதலாயிற்று. அதைக் கொண்டு அவர்கள் பட்டாளத்துப் பாண்டு வாத்தியங்களிலும், கப்பல்களிலும், பேசாப்படம் ஓடிய கொட்டகைகளிலும் வேலை பெற்றார்கள். 1931-இல் பேசும்படம் வந்ததும் கொட்டகை வாத்தியக்காரரின் பிழைப்புப் போயிற்று. ஹோட்டல்களின் நடன மண்டபங்கள் அவர்களுக்குப் புதிய புகலிடமாயின.

பம்பாயில் கோவா மக்கள் மிகுதியாக வாழ்ந்த பகுதி தோபி தலாவ். அங்கே ‘கூட்’ என்று வழங்கிய விடுதிகள் இருந்தன. ஒவ்வொரு கூடும் கோவாவில் ஒரு கிராமத்தாருக்கு உரியது. சுவரோரம் அவரவர் பெட்டி. ஒருபுறம் சிறு பீடம். மாலையில் எல்லாரும் கூடிச் செய்யும் ஜெபமாலை. கப்பல் தொழிலாளியும், சமையற்காரரும், டிரம்பெட் வாசிப்பவரும் அடுத்த வேலை கிடைக்கும்வரை அங்கே தங்கியிருப்பார்கள். ஊர்க்காரர் ஒருவரின் அறையில் பாயை விரித்து இடம் பிடித்த அனுபவம் உடைய தமிழர்க்கு, கூட் என்பது எத்தகையது என்று விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இவர்களுள் தலைசிறந்தவர் சிக் சாக்கலேட். அது மேடைப் பெயர். இயற்பெயர் அந்தோனியோ ஸேவியர் வாஸ். 1916-இல் கோவாவின் அல்டோனா கிராமத்தில் பிறந்தவர். அமெரிக்க மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கைத் தம் மானசீக குருவாகக் கொண்டு, அவரைப் போலவே வாசித்தார். அவரைப் போலவே கரகரத்த குரலில் பாடினார். ‘இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங்’ என்று இரசிகர்கள் அவரை அழைத்தனர். தாஜ் ஹோட்டலிலும் அதன் அருகிலிருந்த கிரீன்ஸ் ஹோட்டலிலும் அவருடைய கோஷ்டி வாசித்த இரவுகள் பம்பாயில் பெரிதும் பேசப்பட்டன.

நாடு விடுதலை பெற்றபின் காற்று மாறியது. நடன மண்டபங்களுக்கு வந்துகொண்டிருந்த ஆங்கிலேயர் கப்பலேறினர். 1950-இல் பம்பாய் மாகாணத்தில் முழு மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. குடும்ப நலம் கருதிய அச்சட்டத்தின் நோக்கம் வேறு. ஆனால் ஹோட்டல்களின் வருவாய் குறையவே, கோஷ்டிகளும் சுருங்கின. மற்றோர் இடத்திலிருந்தும் கலைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். லாகூரில் ஸ்டிபிள்ஸ் ஹோட்டலில் கோஷ்டி நடத்திவந்த செபாஸ்டியன் டிசூஸா, பிரிவினையை அடுத்துப் பம்பாய்க்கு வந்தவர்களுள் ஒருவர். இவ்வளவு பேருக்கும் ஒரே சமயத்தில் கதவைத் திறந்தது பட உலகம்.

அங்கே ஒரு விந்தையான கூட்டு வேலை நடந்தது. இசையமைப்பாளர் நம் நாட்டு இராகங்களில் ஊறியவர். மெட்டை ஹார்மோனியத்தில் வாசித்தும் வாயால் பாடியும் காட்டுவார். அவர்களில் பலருக்கு மேனாட்டுச் சுரக்குறிப்பு எழுதத் தெரியாது. கோவா கலைஞருக்குச் சுரக்குறிப்பு தெரியும், இராகம் தெரியாது. ஆகவே பாடிக்காட்டிய மெட்டை ஒருவர் கேட்டு, ஏட்டில் எழுதி, எந்த வரியை வயலின் ஏற்பது, எந்த இடத்தில் டிரம்பெட் புகுவது என்று வகுத்து, ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனித் தாள் கொடுக்க வேண்டியிருந்தது. இந்த வாத்திய அமைப்புப் பணியைச் செபாஸ்டியன் டிசூஸா சங்கர்–ஜெய்கிஷன் இரட்டையருக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் செய்தார். சிக் சாக்கலேட் இசையமைப்பாளர் சி. இராமச்சந்திராவுக்கு உதவியாளரானார். வெதர்போர்டின் கோஷ்டியில் டிரம்பெட் வாசித்த பிராங்க் பெர்னாண்டும் பல இசையமைப்பாளர்களுக்கு வலக்கை போல விளங்கினார்.

ஒலிப்பதிவு அக்காலத்தில் கடினமான வேலை. பாடகரும் வாத்தியக்காரர் அனைவரும் ஒரே கூடத்தில், ஒரே வேளையில் வாசிக்க வேண்டும். ஒருவர் தவறினாலும் பாட்டு முழுவதையும் மீண்டும் தொடங்க வேண்டும். டிரம்பெட்டின் ஓசை மிகப் பெரிது. ஆதலால் அதை வாசிப்பவர் ஒலிவாங்கியிலிருந்து விலகி அமர்ந்து, தம் முறை வரும்வரை காத்திருந்து, குறித்த நொடியில் பிசகாமல் புக வேண்டும். பகலெல்லாம் ஒலிப்பதிவுக் கூடத்தில் இவ்வாறு உழைத்தவர்களுள் சிலர், இரவில் ஹோட்டல் மேடையிலும் வாசித்தார்கள்.

1951-இல் பகவான் இயக்கி நடித்து வெளிவந்த ‘அல்பேலா’ என்ற படம் இக்கலைஞர்களின் பெருமைக்குச் சான்று. சி. இராமச்சந்திரா இசையமைத்த அப்படத்தில், சிக் சாக்கலேட்டும் அவர் கோஷ்டியினரும் பாடற்காட்சியில் திரையிலேயே தோன்றினார்கள். அது அருமையாக நேர்ந்த பேறு. ஏனையோர்க்கு முகமும் இல்லை, பெயரும் இல்லை. படத்தின் தொடக்கத்தில் வரும் பெயர்ப் பட்டியலில் உதவியாளர் பெயர் சில வேளை இடம்பெறும்; வாத்தியக்காரர் பெயர் பெரும்பாலும் இராது. இசைத்தட்டின் நடுவிலிருந்த வட்டத்தாளிலும் அவர்களுக்கு இடமில்லை. வாசித்த நாளின் ஊதியத்தோடு கணக்குத் தீர்ந்தது. வானொலிக்கும் இதில் பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். 1952 முதல் சில ஆண்டுகள் நம் வானொலியில் படப்பாட்டுகள் அருகின. நேயர்கள் இலங்கை வானொலியை நாடினர். 1957 அக்டோபர் 3-ஆம் நாள் விவித பாரதி தொடங்கியது, பாட்டுகளும் திரும்பின. ஆனால் அறிவிப்பில் வாத்தியக்காரர் பெயர் மட்டும் அப்போதும் சேரவில்லை.

இவ்வரலாறு தமிழகத்தையும் தொடுகிறது. ‘மலைக்கள்ளன்’ படத்தின் கதையைக் கோயம்புத்தூர்ப் பட்சிராஜா ஸ்டூடியோவினர் 1955-இல் ‘ஆசாத்’ என்ற பெயரில் ஹிந்தியில் எடுத்தபோது, இசையமைத்தவர் சி. இராமச்சந்திரா. 1958-இல் எஸ். எஸ். வாசன் எடுத்த ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ படத்துக்கும் அவரே இசையமைத்தார். வைஜயந்திமாலாவும் பத்மினியும் போட்டியிட்டு ஆடிய அந்த நடனத்தை அறியாத தமிழர் இலர். பம்பாய்க் கோஷ்டிகளோடு பழகிப் பக்குவப்பட்ட ஓர் இசையமைப்பாளரின் கற்பனையே அங்கு நம்மை மகிழ்வித்தது.

டிரம்பெட் கோவா கலைஞர்களுக்கு மட்டுமே உரியதாகவும் இருக்கவில்லை. பண்டித இராமபிரசாத் சர்மா என்ற டிரம்பெட் கலைஞர், சுரக்குறிப்பை இளைஞர் பலருக்குக் கற்பித்தவர். அவருடைய மகனே லட்சுமிகாந்த்–பியாரேலால் இரட்டையருள் ஒருவரான பியாரேலால். மகன் வயலின் கற்றது கோவாவைச் சேர்ந்த ஆன்டனி கொன்சால்வஸிடம். தம் ஆசிரியரின் பெயரைப் பியாரேலால் 1977-ஆம் ஆண்டில் ‘அமர் அக்பர் ஆன்டனி’ படத்தின் பாட்டு ஒன்றில் இடம்பெறச் செய்தார். நாடெங்கும் அப்பெயரைப் பாடி மகிழ்ந்தனர். அது உண்மையான ஒரு மனிதரின் பெயர் என்பதைப் பலர் அறியவில்லை. பெயர் பரவியபின்னும் ஆள் அறியப்படாமற் போனதை என்னவென்று சொல்வது!

சிக் சாக்கலேட் 1967-இல், ஐம்பத்தோராம் வயதில் மறைந்தார். பிராங்க் பெர்னாண்ட் கொங்கணி மொழியில் படமெடுக்க முற்பட்டு, 1963-இல் ‘ஆம்செம் நொசீப்’ என்ற படத்தை வெளியிட்டார். அதற்கு இசையமைத்த கிறிஸ் பெரியும் டிரம்பெட் கலைஞரே. பிறர் மொழிப் பாட்டுகளுக்குத் தம் மூச்சைக் கொடுத்துவந்தவர்கள், தாய்மொழிக்கும் ஒரு பங்கை எடுத்துவைத்தார்கள். கிறிஸ் பெரி 2002-இலும், பிராங்க் பெர்னாண்ட் 2007-இலும் காலமானார்கள். அதற்கு முன்பே மின்னணுக் கருவிகள் வந்து, ஐம்பது பேர் வாசித்த இடத்தில் ஒருவர் அமரும் காலம் பிறந்துவிட்டது.

இதனால் இசையமைப்பாளர்களின் பெருமை குறைந்துவிடாது. மெட்டு அவர்களுடையது, அதில் ஐயமில்லை. கோபுரத்தைக் கட்டுவித்தவர் பெயர் கல்வெட்டில் இருக்கட்டும். சிற்பியின் பெயரும் ஒரு மூலையில் இருந்தால் கோபுரம் சரிந்துவிடாது. அந்த மூலையை நம் முன்னோர் மறந்தனர். இன்று பழைய கலைஞர்களின் நினைவுகளைக் கேட்டுத் தொகுப்பவர்கள் உளர். சில பாட்டுகளுக்கேனும் வாசித்தவர் பெயர் தெரியவந்திருக்கிறது.

நேயர்களும் இதில் ஒரு சிறு தொண்டு செய்யலாம். பழைய பாட்டு ஒலிக்கும்போது, பாடகர் நிறுத்துமிடத்தில் கவனத்தை நிறுத்தாமல், இடையே எழும் குழலோசைக்கும் செவிகொடுங்கள். தோபி தலாவில் ஒரு கூடில் பெட்டியை வைத்துவிட்டு, கருவியைத் துடைத்து எடுத்துக்கொண்டு, விடியற்காலையில் ஒலிப்பதிவுக்குப் புறப்பட்ட ஒருவரின் மூச்சு அது. தம் ஊரிலிருந்து வெகு தொலைவில் நின்று அவர் ஊதியது, நம் ஊரிலிருந்து வெகு தொலைவில் வாழும் நம்மிடம் இன்றும் வந்து சேர்கிறது.