துள்ளலிசையில் பெண்களின் கணக்கு

ஸ்கா இசையை முதன்முறை கேட்பவருக்கு அதன் சந்தோஷம்தான் முதலில் வந்து சேரும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நாம் தாளம் எண்ணினால், ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவிலுள்ள இடத்தில் கிட்டாரும் பியானோவும் வெட்டி வெட்டி விழும். கால் சும்மா இருக்காது. 1950களின் இறுதியில், ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனில், அமெரிக்க வானொலியில் கேட்ட ரிதம் அண்ட் புளூஸைத் தங்கள் போக்கில் வாசிக்கத் தொடங்கிய கலைஞர்களிடமிருந்து பிறந்தது இது. 1962 ஆகஸ்ட் 6 அன்று அந்த நாடு பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றபோது அதன் கொண்டாட்டத்துக்கு இந்த இசைதான் துணையிருந்தது. 1966 வாக்கில் அது வேகம் தணிந்து ராக்ஸ்டெடி ஆயிற்று. 1968 வாக்கில் இன்னும் நிதானமாகி ரெகே என்று பெயர் பெற்றது.

இந்த இசையில் எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம் என்று என் மாணவிகள் சிலர் கேட்டபோது, அவர்களுக்காக ஒரு பட்டியல் போட உட்கார்ந்தேன். கண்ணில் பட்ட 'அவசியம் கேட்க வேண்டிய' பட்டியல்களில் எல்லாம் ஆண் பெயர்களே நிறைந்திருந்தன. பெண்கள் இருந்தால், ஒரு பெரிய மனிதரின் மனைவியாக, காதலியாக, பின்பாட்டுக்காரியாக இருந்தார்கள். தாலாட்டையும் ஒப்பாரியையும் வகுப்பில் நடத்தும்போது, 'பாடியவள் யார், புத்தக அட்டையில் யார் பெயர் இருக்கிறது?' என்று கேட்பது என் வழக்கம். அதே கேள்வியை இந்த இசையிடமும் கேட்டேன். குரல் யாருடையது என்பதோடு, ஒலிப்பதிவு யாருக்குச் சொந்தம், பணம் யாருக்குப் போனது என்றும் கேட்கத் தொடங்கினால் வரலாறு வேறு மாதிரி தெரிகிறது.

முதலில் ஒரு பள்ளிக்கூடம். 1880இல் ஜெஸ்ஸி ரிப்போல் என்ற கத்தோலிக்கப் பெண், கிங்ஸ்டனில் நிலம் வாங்கி அநாதைக் குழந்தைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். ஆல்ஃபா என்று அதற்குப் பெயர். பின்னாளில் கருணைச் சபைக் கன்னியாஸ்திரிகள் அதை நடத்தினார்கள். அங்கே சிறுவர் பள்ளியும், அந்தச் சிறுவர்களுக்கு ஒரு பித்தளை வாத்தியக் குழுவும் உருவாயின. 1939 முதல் 2003இல் இறக்கும்வரை அங்கேயே பணியாற்றிய சிஸ்டர் மேரி இக்னேஷியஸ் டேவிஸ், ஏராளமான இசைத்தட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தார். பையன்களுக்கு ஜாஸும் புளூஸும் போட்டுக் காட்டுவார். பள்ளிக்கென்று ஒரு சவுண்ட் சிஸ்டமே வைத்திருந்தார். 1964இல் ஒன்றுகூடிய ஸ்காடலைட்ஸ் குழுவின் தூண்களான டான் டிரம்மண்ட், டாமி மெக்குக், ஜானி மூர், லெஸ்டர் ஸ்டெர்லிங் நால்வரும் ஆல்ஃபாவில் படித்தவர்கள். ஸ்காவின் வரலாற்றை எழுதுபவர்கள் இந்தப் பள்ளியைத் தவறாமல் சொல்வார்கள். ஒரு பெண் தொடங்கி, பெண்கள் நடத்திய நிறுவனத்தில் டிராம்போனும் சாக்ஸபோனும் ஆண் பிள்ளைகளின் கைக்கு மட்டும் போனதைப் பற்றி யாரும் வியந்துகொள்வதில்லை. ஸ்காவின் முதல் தலைமுறையில் ஊதுகருவி வாசித்த பெண்ணைத் தேடினால் கிடைப்பது ஏன் இத்தனை கடினம் என்பதற்கு விடையின் ஒரு பகுதி இங்கே இருக்கிறது. பெண்ணுக்கு மிஞ்சியது குரல் ஒன்றுதான்.

ஸ்காடலைட்ஸோடு தொடக்கத்திலிருந்தே பாடியவர் டோரீன் ஷாஃபர். பல பத்தாண்டுகள் கழித்தும் அந்தக் குழுவின் மேடையில் நின்று பாடியவர். ஆனால் அந்தக் குழுவைப் பற்றிப் பேசும்போது அதிகம் அடிபடும் பெண் பெயர் மார்கரிட்டா. அனிட்டா மஹ்ஃபூட் என்பது இயற்பெயர். புகழ்பெற்ற ரும்பா நடனக்காரி. ராஸ்தஃபாரிகளைப் படித்தவர்கள் ஒதுக்கி வைத்திருந்த காலத்தில், கவுண்ட் ஒஸ்ஸியின் ராஸ்தஃபாரி முரசுக் குழு தன்னோடு மேடையேறாவிட்டால் ஆட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து அவர்களைப் பெரிய மேடைக்குக் கொண்டுவந்தவர் என்று சொல்லப்படுகிறது. 'வுமன் எ கம்' என்ற பாடலைத் தானே எழுதிப் பாடியிருக்கிறார். 1965 புத்தாண்டின் முதல் நாட்களில், அவரோடு வாழ்ந்துவந்த டான் டிரம்மண்ட் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். மனநல மருத்துவமனையில் வைக்கப்பட்ட டிரம்மண்ட் 1969இல் அங்கேயே இறந்தார். இந்தச் சம்பவம் நெடுங்காலம் ஒரு மேதையின் துயர முடிவாகவே சொல்லப்பட்டு வந்தது. கொல்லப்பட்டவளும் ஒரு கலைஞர் என்பது அந்தக் கதையில் அடிக்குறிப்பாகிவிட்டது. இதற்காக டிரம்மண்டின் டிராம்போனைக் கேட்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அதைக் கேட்கிறவர்கள் மார்கரிட்டாவின் அந்த ஒரு பாட்டையும் தேடிக் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்வேன்.

உலகம் முழுக்க ஸ்காவைக் கொண்டுபோன முதல் குரலும் ஒரு பெண்ணுடையதே. ஜமைக்காவின் கிளாரண்டன் பகுதியில் பிறந்த மில்லி ஸ்மால், 1964இல் லண்டனில் 'மை பாய் லாலிபாப்' பாடலைப் பதிவு செய்தபோது பதின்வயதைத் தாண்டவில்லை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விற்பனை வரிசையில் அது இரண்டாம் இடம் வரை ஏறியது. பல லட்சம் தட்டுகள் விற்றன. தயாரிப்பாளரான கிறிஸ் பிளாக்வெலின் ஐலண்ட் நிறுவனம் வளர்ந்ததற்கு அந்த வெற்றி அடித்தளமிட்டது. பின்னாளில் பாப் மார்லியை உலகுக்குக் கொண்டுசென்றது இதே நிறுவனம்தான். தனக்கு அந்தப் பாட்டுக்கான ராயல்டி கிடைக்கவில்லை என்று மில்லி பிற்காலப் பேட்டியொன்றில் கூறியிருக்கிறார். மிட்டாய்க் குரல் என்று அவரை ஒதுக்குபவர்களுக்கு ஒரு தகவல்: குடியேறியவர்களுக்கு எதிராகப் பேசிய பிரிட்டிஷ் அரசியல்வாதி ஈனக் பவலுக்குப் பதிலடியாக 1970இல் 'ஈனக் பவர்' என்ற பாட்டைப் பாடியவரும் இதே மில்லிதான்.

ராக்ஸ்டெடிக் காலத்தின் மிக அழகான குரல் எது என்று கேட்டால் ஃபிலிஸ் டிலன் என்பேன். 'டோன்ட் ஸ்டே அவே' பாட்டில் அவர் குரல் எங்கும் அவசரப்படாது. 1967இன் இறுதியில் அவர் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்து ஒரு வங்கியில் வேலைக்குச் சேர்ந்தார். சில ஆண்டுகள் விடுமுறையில் ஜமைக்காவுக்கு வந்து பாட்டுப் பதிவு செய்துவிட்டுத் திரும்புவார். 1971இல் அதையும் விட்டுவிட்டார். பாட்டு அவருக்குச் சோறு போடவில்லை, வங்கி போட்டது.

பதிவுக்கூடத்தின் மறுபக்கத்தில், அதாவது பணமும் முடிவும் இருக்கும் பக்கத்தில், அமர்ந்த பெண்கள் மிகச் சிலர். சோனியா பாட்டிஞ்சர் அவர்களில் முதன்மையானவர். 1960களின் நடுவில் கிங்ஸ்டனின் ஆரஞ்சு தெருவில் இசைத்தட்டுக் கடை வைத்து, அங்கிருந்து தயாரிப்பாளர் ஆனார். ஜமைக்காவின் முதல் பெண் இசைத் தயாரிப்பாளர் என்று அறியப்படுபவர். கே ஃபீட், ஹை நோட் என்று சொந்த லேபிள்கள் நடத்தினார். கல்ச்சர் குழுவின் 'ஹார்டர் தேன் தி ரெஸ்ட்', மார்சியா கிரிஃபித்ஸின் 'நேச்சுரலி' ஆகிய இரண்டு ஆல்பங்களும் 1978இல் அவர் தயாரிப்பில் வந்தவை. இன்னொருவர் பெட்ரீஷியா சின். இந்திய வம்சாவளித் தந்தைக்கும் சீன வம்சாவளித் தாய்க்கும் பிறந்தவர். கணவர் வின்சென்டோடு சேர்ந்து நடத்திய ராண்டீஸ் இசைத்தட்டுக் கடையின் கவுண்டரில் நின்று, எந்தப் பாட்டுக்கு ஆட்கள் நின்று கேட்கிறார்கள், எதற்கு நகர்ந்துவிடுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத் தொழில் கற்றவர். 1979இல் நியூயார்க்கில் அவர்கள் தொடங்கிய விபி ரெக்கார்ட்ஸ், கரீபிய இசையின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. அந்தப் பெயரில் உள்ள 'பி' பெட்ரீஷியாவைக் குறிக்கிறது.

மார்சியா கிரிஃபித்ஸ் பெயரைச் சொன்னேன். 1968இலேயே 'ஃபீல் லைக் ஜம்பிங்' பாட்டால் நட்சத்திரம் ஆனவர். 1974இல் பாப் மார்லியின் குழுவிலிருந்து பீட்டர் டோஷும் பன்னி வெய்லரும் விலகியபின், ரீட்டா மார்லி, ஜூடி மோவட் இருவரோடும் சேர்ந்து ஐ த்ரீஸ் என்ற மூவராக மார்லியின் பின்னால் நின்றார். அந்த மூவரின் குரலை எடுத்துவிட்டு அக்காலத்து மார்லியைக் கேட்டால் பாதிப் பாட்டு காணாமல் போகும். ஜூடி மோவட் 1979இல் தானே முன்நின்று தயாரித்த 'பிளாக் வுமன்' ஆல்பத்தைக் கேளுங்கள். அடிமைக் காலத்திலிருந்து தொடரும் கறுப்பினப் பெண்ணின் உழைப்பையும் களைப்பையும் நேராகப் பாடிய ரெகே ஆல்பம் அது.

ஒரே தாளத்தடத்தின் மேல் பலர் வெவ்வேறு பாட்டுகளை ஏற்றுவது ஜமைக்கா வழக்கம். அந்தத் தடத்துக்கு ரிடிம் என்று பெயர். டிரினிட்டி என்பவர் தன் மூன்று துண்டு சூட்டின் மிடுக்கைப் பற்றிப் பெருமையடித்த பாட்டு ஒன்று வந்தது. அதே ரிடிமில், தங்கள் உடையையும் நடையையும் பற்றிப் பதிலுக்குப் பெருமையடித்தார்கள் ஆல்தியா, டோனா என்ற இரண்டு பதின்வயதுப் பெண்கள். 'அப்டவுன் டாப் ராங்கிங்' என்ற அந்தப் பாட்டு 1978இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.

சிஸ்டர் நான்சியின் கதையை நான் எல்லா வகுப்பிலும் சொல்கிறேன். ரிடிமின் மேல் சொல்லடுக்கிப் பேசிப் பாடும் டீஜேக்கள் அநேகமாக ஆண்களாகவே இருந்த காலத்தில், அந்த மைக்கைப் பிடித்த பெண் அவர். 1982இல் வந்த அவருடைய 'பாம் பாம்' உலகெங்கும் ஒலித்தது, படங்களில் வந்தது, அமெரிக்க ராப் பாடகர்கள் அதிலிருந்து துண்டெடுத்துத் தங்கள் பாட்டில் வைத்துக்கொண்டார்கள். அவர் அமெரிக்காவுக்குப் போய் வங்கியொன்றில் கணக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டிலிருந்து அவருக்கு எதுவும் வரவில்லை. 2014இல் ஒரு காலணி விளம்பரத்தில் தன் குரலைக் கேட்டபின்தான் வழக்கறிஞரை நாடினார். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, உரிமையில் பாதியும் முந்தைய பத்தாண்டுகளுக்கான தொகையும் அவருக்குக் கிடைத்தன. மீதி ஆண்டுகளின் கணக்கு தீராமலே போயிற்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனுக்கு வேலை தேடிப்போன ஜமைக்கர்கள் தங்கள் இசைத்தட்டுகளையும் கொண்டுபோனார்கள். அவற்றைக் கேட்டு வளர்ந்த கறுப்பின, வெள்ளையின இளைஞர்கள் 1979இல் கவென்ட்ரி நகரில் ஸ்காவைப் பங்க் இசையோடு கலந்தார்கள். டூ டோன் என்பது அந்த இயக்கத்தின் பெயர். அதில் தி செலக்டர் குழுவின் முன்னணிப் பாடகி பாலின் பிளாக், மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்துகொண்டிருந்தவர். 'ஆன் மை ரேடியோ' கேட்டால் அவர் குரலின் துள்ளல் புரியும். அதே ஆண்டில் ஏழு பெண்கள் சேர்ந்து தி பாடிஸ்நாட்சர்ஸ் தொடங்கினார்கள். வாத்தியங்களும் பெண்கள் கையில். அவர்கள் எழுதிய முதல் பாட்டு 'தி பாய்லர்'. அறிமுகமான ஆணுடன் வெளியே போன ஒரு பெண், தனக்கு நேர்ந்த வன்புணர்ச்சியைச் சாதாரணப் பேச்சுநடையில் சொல்லிக்கொண்டே போகிறாள். பாட்டு அலறலில் முடிகிறது. குழு ஓராண்டில் கலைந்தபின், 1982இல் பாடகி ரோடா டகார் அதை இசைத்தட்டாகக் கொண்டுவந்தார். வானொலிகள் அதைப் போடத் தயங்கின. ஆனாலும் பிரிட்டனின் முதல் நாற்பது பாட்டுகளுக்குள் அது வந்தது. துள்ளலிசையால் இதையும் சொல்ல முடியும் என்று காட்டியவர்கள் அவர்கள். தனியாக இருக்கும்போது இதைக் கேட்க வேண்டாம் என்று மாணவிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

ஊதுகருவிகள் பெண்கள் கைக்கு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 2003இல் ஜப்பானின் ஒசாகா பகுதியிலுள்ள சகாய் நகரத்தில், பள்ளிச் சிறுமிகள் டிரம்பெட்டும் டிராம்போனும் சாக்ஸபோனும் ஏந்தி ஓரெஸ்காபேண்ட் என்ற ஸ்கா குழுவைத் தொடங்கினார்கள். ஜப்பானிய மொழியில் 'ஓரே' என்பது ஆண்கள் தங்களைக் குறிக்கப் பயன்படுத்தும் 'நான்'. அந்தச் சொல்லைத் தங்கள் பெயரில் வைத்துக்கொண்ட பெண் பிள்ளைகளை, மொழி படித்த எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஜமைக்காவிலேயே, ஸ்பானிஷ் டவுனில் வளர்ந்த காஃபி என்ற இளம்பெண், 2020இல் தன் 'ராப்சர்' தொகுப்புக்காகச் சிறந்த ரெகே ஆல்பத்துக்கான கிராமி விருதைப் பெற்றார். வயது 19. அந்தப் பிரிவு 1985இலிருந்து வழங்கப்பட்டு வருகிறது. தனிக் கலைஞராக அதை வென்ற முதல் பெண் அவர்தான்.

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் மில்லி ஸ்மால், உடனே மார்சியாவின் 'ஃபீல் லைக் ஜம்பிங்'. மாலையில் ஃபிலிஸ் டிலன். அடுத்த நாள் ஆல்தியாவும் டோனாவும், சிஸ்டர் நான்சி, தி செலக்டர். நேரம் ஒதுக்கி 'பிளாக் வுமன்' முழுவதும். மனத்தைத் தயார் செய்துகொண்டு 'தி பாய்லர்'. அப்புறம் ஓரெஸ்காபேண்டும் காஃபியும். ஸ்காடலைட்ஸையும் மார்லியையும் தள்ளி வைக்கச் சொல்லவில்லை. அவர்கள் எப்படியும் உங்களை வந்து சேர்வார்கள்.

ஆடுங்கள். ஆடி முடித்தபின் பாட்டின் விவரங்களை ஒருமுறை பாருங்கள். பாடியவர், எழுதியவர், தயாரித்தவர், உரிமையாளர் என்று நான்கு இடங்கள் இருக்கும். அவற்றில் எத்தனை இடத்தில் பெண் பெயர் இருக்கிறது என்று எண்ணுங்கள். நம் வீட்டில் ஓடுகிற திரைப்பாட்டுக்கும் இதே எண்ணிக்கையைப் போட்டுப் பார்க்கலாம்.